அரியணையில் உட்கார்ந்த தங்கம்

தங்கக் காசுகளின் கதை – 12

சென்ற வாரம் மூன்றாம் எட்வர்டைக் கப்பலில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். வாளும் கேடயமுமாக அவர் நின்ற நோபிள் காசு 1344-ல் வந்தது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலாந்து அரசர்கள் தங்கத்தில் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. நடுவில் ஏஞ்சல் காசு வந்தபோது அரசரே காணாமல் போனார். அவர் இடத்தில் மைக்கேல் தேவதூதர் நாகத்தை மிதித்துக்கொண்டு நின்றார். இந்த வாரம் ஓர் அரசர் உட்காருகிறார்.

1489 அக்டோபர் 28. லண்டன் டவருக்குள் இருந்த நாணயச்சாலைக்கு ஏழாம் ஹென்றியின் ஆணை போனது. புதிதாக ஒரு தங்கக் காசு அடிக்க வேண்டும், அதை சவரன் என்று அழைக்க வேண்டும். எடை 240 கிரெய்ன், அதாவது பதினைந்தரை கிராம். அநேகமாகக் கலப்பே இல்லாத தங்கம். அகலம் 4 சென்டிமீட்டருக்குக் குறையாது. மதிப்பு 20 ஷில்லிங், அதாவது சரியாக ஒரு பவுண்டு. அதுவரை பவுண்டு என்பது கணக்கப்பிள்ளையின் ஏட்டில் மட்டும் இருந்த தொகை. ஷில்லிங்கும் அப்படித்தான். கையில் எடுத்துப் பார்க்கும்படியான பவுண்டுக் காசு இங்கிலாந்தில் பிறந்தது அன்றுதான்.

காசின் முன்பக்கம் முழுக்க அரியணை. அதில் நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி அரசர். ஒரு கையில் செங்கோல், இன்னொரு கையில் சிலுவை வைத்த உருண்டை. தலையில் இருப்பது சாதாரணக் கிரீடம் இல்லை. பேரரசர்கள் அணிவதுபோல் மேலே வளைந்து மூடிய மகுடம். திருப்பினால் இதழ் மேல் இதழாக விரிந்த பெரிய ரோஜா, அதன் நடுவில் அரசுக் கேடயம். சிவப்பு ரோஜா லங்காஸ்டர் குடும்பத்துக்கு, வெள்ளை ரோஜா யார்க் குடும்பத்துக்கு. முப்பது வருடம் வெட்டிக்கொண்டு செத்த இரண்டு தரப்பையும் ஒரே பூவாக்கிய டியூடர் ரோஜா.

ஒரு ராஜா உட்கார்ந்திருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஹென்றிக்கு எல்லாமே அதில்தான் இருந்தது. 1485 ஆகஸ்டில் போஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்திப் பிடித்த அரியணை அது. பிறப்புரிமை என்று பார்த்தால் நூலிழைதான். தாய் மார்கரெட் போஃபோர்ட் வழியாக வந்த உரிமை. போஃபோர்ட்டுகளோ திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளின் வம்சம். பின்னாளில் அவர்களைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டபோதும், ‘அரியணை மட்டும் கிடையாது’ என்று நான்காம் ஹென்றி ஒரு முடிச்சைப் போட்டுவைத்திருந்தார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏழாம் ஹென்றி 1486-ல் யார்க் வம்சத்து எலிசபெத்தை மணந்தார். அப்போதும் அடைபடவில்லை. 1487-ல் லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை ‘இவன்தான் அசல் வாரிசு’ என்று டப்ளினில் முடிசூட்டிப் படையோடு அனுப்பிவைத்தார்கள். ஸ்டோக் போரில் அந்தப் படை அழிந்தது. சிறுவனைக் கொல்லாமல் அரண்மனை அடுப்படியில் எடுபிடி வேலைக்குப் போட்டார் ஹென்றி. கஞ்சத்தனத்துக்குப் பெயர்பெற்ற அரசர். கொல்வதைவிட வேலை வாங்குவது லாபம் என்று நினைத்திருப்பார்.

அப்படிப்பட்டவர் இரண்டே வருடத்தில் நாட்டின் ஆகப் பெரிய தங்கக் காசை அடிக்கச் சொல்கிறார் என்றால், அது கடைத்தெருவுக்கு இல்லை. கொத்தனாரோ தச்சரோ நாளுக்கு 6 பென்ஸ் வாங்கிய காலம் அது. 20 ஷில்லிங்குக்கு 240 பென்ஸ். ஒரு காசில் 40 நாள் கூலி. ரொட்டிக் கடையில் இதை நீட்டினால் சில்லறை யார் தருவது? தூதர்களும் பிரபுக்களும் வெளிநாட்டு வணிகர்களும் பார்க்க வேண்டிய காசு இது. யோசனைகூட இரவல்தான்: ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியன் 1487-ல் நெதர்லாந்துப் பகுதிகளில் அடித்த ரியால் காசில் இதேபோல் அரியணையில் அமர்ந்திருந்தார்.

இந்தத் தொடர் முழுக்க ஒன்றைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அரியணை ஆட்டம் காணும்போதுதான் அரசர்களுக்குத் தங்கத்தில் தங்கள் பெருமையைப் பொறிக்கும் ஆசை பெருகுகிறது. வாங்குகிறவனோ முகத்தைப் பார்த்துவிட்டு உடனே தராசைத் தேடுகிறான். சவரனின் ஐந்நூறு வருடக் கதை இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுவது.

முகத்தை நம்பி எடையிலும் மாற்றிலும் கைவைத்தவர் ஹென்றியின் மகனே. எட்டாம் ஹென்றி 1540-களில் போர்ச் செலவுக்காகத் தங்கத்தின் மாற்றை 20 காரட் வரை இறக்கினார். வெள்ளியை இன்னும் மோசமாகக் கெடுத்தார். காசில் அரசரின் மூக்கு தேயத்தேய உள்ளிருந்த செம்பு எட்டிப் பார்த்ததால் ‘செம்பு மூக்கர்’ என்று ஜனங்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த அவமானத்தைக் கழுவியது மகள் எலிசபெத். அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் 1604-ல் யுனைட் என்ற புதுக் காசைக் கொண்டுவர, சவரன் ஓய்வுபெற்றது. இருநூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெயரில் காசே இல்லை. இடைக்காலத்தில் ஆட்சி செய்த கினிக் காசுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

நெப்போலியன் தோற்ற பிறகு இங்கிலாந்தின் கையில் மிஞ்சியது காகித நோட்டும் கடனும். மறுபடி தங்கத்துக்குத் திரும்ப 1816-ல் சட்டம் வந்தது. நாணயச்சாலைத் தலைவர் வில்லியம் வெல்லஸ்லி-போல், வாட்டர்லூவில் வென்ற வெலிங்டனின் அண்ணன். 21 ஷில்லிங் கினியை மூட்டைகட்டிவிட்டு 20 ஷில்லிங்குக்குப் புதுக் காசு. பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். 22 காரட் தங்கம் 40 ட்ராய் பவுண்டு எடுத்தால் அதில் 1,869 காசு வர வேண்டும் என்பது கணக்கு. ஒரு காசுக்கு 7.988 கிராம் விழும். நகைக்கடையில் நாம் சொல்லும் 8 கிராம் சவரன் இந்தப் பின்னத்தை முழுசாக்கியதுதான்.

புதுக் காசுக்குப் படம் செதுக்க வந்தவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. ரோமில் 1783-ல் பிறந்தவர். விலையுயர்ந்த கல்லில் சின்னஞ்சிறு உருவங்களைச் செதுக்குவது தொழில். 1815-ல் லண்டனுக்குப் பிழைக்க வந்தார். ஸ்பென்சர் பிரபுவுக்காக அவர் யோசித்துவைத்திருந்த செயின்ட் ஜார்ஜ் உருவம்தான் காசுக்கும் போனது. லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு ஓட்டலில் வேலைபார்த்த இத்தாலியப் பையன் ஒருவன் ஜார்ஜுக்கு மாதிரியாக உட்கார்ந்தானாம். கூலி 100 கினி. ஆக, இங்கிலாந்தின் காவல் புனிதருக்கு உடம்பு கொடுத்தது ஓர் இத்தாலியச் சர்வர், உளி பிடித்தது ஓர் இத்தாலியச் சிற்பி.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 22 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் முன்னங்காலைத் தூக்கி எழும் குதிரை. அதன் மேல் தலைக்கவசமும் பின்னால் பறக்கும் போர்வையும் தவிர அநேகமாக ஆடையே இல்லாத வீரன். கீழே புரளும் டிராகன். 1817-ன் காசில் வீரன் கையில் இருப்பது ஒடிந்த ஈட்டியின் அடிக்கட்டை. மீதித் துண்டு தரையில் கிடக்கும். 1821-ல் ஈட்டியை எடுத்துவிட்டுக் குட்டை வாள் ஒன்றைக் கொடுத்தார்கள். குதிரையேற்றம் தெரிந்தவர்கள் அப்போதே நக்கலடித்தார்கள்: இப்படி உட்கார்ந்தால் முதல் வெட்டிலேயே கீழே விழுவான், அந்த வாள் டிராகனை எட்டவே எட்டாது. இரண்டும் நியாயமான குறைதான். ஆனால் காசைச் சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் குதிரையின் தொடைத் தசை அசைகிற மாதிரி இருக்கும். அந்த ஓர் அசைவுக்காக எந்தப் பிழையையும் மன்னிக்கலாம்.

பிஸ்ட்ருச்சியை மன்னிக்கத்தான் யாருக்கும் மனமில்லை. வெளிநாட்டுக்காரர் என்பதால் தலைமைச் செதுக்குநர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1828-ல் பதக்கக் கலைஞர் என்ற ஒட்டுப்பட்டம் கொடுத்தார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நான்காம் ஜார்ஜின் முகத்தை இன்னொரு சிற்பி செய்த சிலையைப் பார்த்துக் காப்பியடிக்கச் சொன்னபோது முடியாது என்று மறுத்துவிட்டார். வாட்டர்லூ வெற்றிக்கு மாபெரும் பதக்கம் செய்யும் வேலை 1819-ல் அவரிடம் வந்தது. நேச நாட்டு மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் பரிசளிக்க வேண்டிய பதக்கம். அதை அவர் முடித்துக் கொடுத்தது 1849-ல். அதற்குள் அந்த மன்னர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை, மிஞ்சியவர் வெலிங்டன். அச்சைக் காய்ச்சி இறுக்கினால் வெடித்துவிடுமோ என்று பயந்து பதக்கத்தை அடிக்கவே இல்லை. முப்பது வருட உழைப்பு பெட்டிக்குள் போனது. அவசரத்துக்குச் செய்த குதிரைவீரன் உலகம் சுற்றினான். 1825-ல் அவனையும் இறக்கிவிட்டுக் கேடயம் போட்டார்கள். 1871-ல் மறுபடி ஏற்றினார்கள்.

உலகம் சுற்றியதற்குக் காரணம் அழகு இல்லை, தராசு. புதுச் சவரன் 123.27 கிரெய்ன். புழங்கித் தேய்ந்து 122.5-க்குக் கீழே இறங்கினால் அது செல்லாக் காசு. கிராமில் சொன்னால் 0.05 தான் வித்தியாசம். அந்த இழப்பைக்கூட மன்னிக்காத காசை யார்தான் நம்பமாட்டார்கள்? போதாததற்கு 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் பிக்ஸ் விசாரணை வேறு. அடித்த காசுகளிலிருந்து மாதிரி எடுத்துப் பெட்டியில் பூட்டிவைப்பார்கள். லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் நடுவர்கள் கூடி அதை எண்ணி, நிறுத்து, உரசிப் பார்ப்பார்கள். அரசரின் நாணயச்சாலையைத் தட்டார்கள் கூண்டில் ஏற்றும் அந்தச் சடங்கு இன்றும் நடக்கிறது. சிட்னி, மெல்போர்ன், பெர்த் என்று தங்கம் கிடைத்த இடத்திலெல்லாம் கிளைகள் முளைத்தன. எங்கே அடித்தாலும் அதே எடை, அதே மாற்று.

அதில் ஒரு கிளை நம் நாட்டிலும் இருந்தது. 1899-ன் சட்டப்படி இந்தியாவில் ஒரு சவரன் 15 ரூபாய்க்குச் செல்லும். முதல் உலகப்போரில் கடல்வழி ஆபத்தானபோது லண்டனிலிருந்து காசு வரவழைப்பது பெரும்பாடாயிற்று. முதலில் பம்பாயிலேயே 15 ரூபாய்த் தங்க மொகர் அடித்தார்கள். எடையும் மாற்றும் அப்படியே சவரனுடையவை. பிறகு 1918-ல் அங்கேயே ராயல் மின்ட்டின் கிளை திறந்து அசல் சவரன்களையே அடித்தார்கள், சுமார் 13 லட்சம். மறு வருடமே மூடிவிட்டார்கள். பார்வைக்கு லண்டன் காசு போலவே இருக்கும். குதிரையின் காலடியில், வருடத்துக்கு மேலே இருக்கும் தரைக்கோட்டில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து தெரியும். சேகரிப்பவர்கள் அந்த ஓர் எழுத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நம் தட்டார்களுக்கோ அந்த எழுத்து ஒரு பொருட்டே இல்லை; உரைகல்லில் உரசினார்கள், காசுமாலையில் கோத்தார்கள், உருக்கினார்கள்.

கொண்டாட்டத்துக்கு வருவோம். 1887-ல் விக்டோரியா அரசியின் பொன்விழா. கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு வருடக்கணக்காக வெளியே தலைகாட்டாமல் இருந்து, குடியரசு ஆதரவாளர்களின் முணுமுணுப்புக்கு ஆளான அரசியை மறுபடி மக்கள் முன் நிறுத்தும் விழா. காசுகளுக்கு ஜோசப் எட்கர் போம் புது முகம் செதுக்கினார். முக்காட்டின் உச்சியில் சின்னஞ்சிறு கிரீடம். எப்போது விழுமோ என்று பார்ப்பவர்களுக்குப் பதைப்பு. ஊரே சிரித்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கிரீடம் நிஜம். அரசி விரும்பி அணிந்த சிறிய வைரக் கிரீடம், 1870-ல் செய்தது. இன்னொரு கூத்து ஆறு பென்ஸ் வெள்ளிக் காசில் நடந்தது. அதன் பின்பக்கம் அரைச் சவரனைப் போலவே இருந்ததால் தங்கமுலாம் பூசி 10 ஷில்லிங் என்று தள்ளிவிட ஆரம்பித்தார்கள். அவசர அவசரமாக அந்த அச்சை மாற்றினார்கள். பொன்விழாவை நிஜமாகக் கொண்டாடியவர்கள் அந்த மோசடிக்காரர்கள்தான்.

ஆனால் அரியணை கவிழ்ந்து தங்கம் உயர்ந்த கதை என்றால் அது 1937. எட்டாம் எட்வர்ட் 1936 ஜனவரியில் அரசரானார். இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்து ஒரு வழக்கம்: ஓர் அரசர் காசில் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அப்பா ஐந்தாம் ஜார்ஜ் இடம் பார்த்தவர். ஆகவே மகன் வலம் பார்க்க வேண்டும். எட்வர்ட் மறுத்துவிட்டார். தலை வகிடு இடப்பக்கம். அந்தப் பக்கம்தான் தனக்கு எடுப்பு என்றார். நாணயச்சாலை கெஞ்சிப் பார்த்துத் தோற்றது. ஹம்ஃப்ரி பேஜெட் செதுக்கிய முகம் இடம் பார்த்தது. 1937 ஜனவரி 1-ல் காசு வெளிவர வேண்டும். டிசம்பர் 10-ஆம் தேதியே காதலி வாலிஸ் சிம்சனுக்காக அரியணை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கையில் இருந்தவை சோதனைக்காக அடித்த சில காசுகள் மட்டும். சவரனில் ஆறு போல. நாணயச்சாலை அதிகாரியின் பெட்டகத்தில் அவை பல்லாண்டு தூங்கின. பட்டத்துக்கு வந்த தம்பி ஆறாம் ஜார்ஜும் இடம் பார்த்தார். அண்ணன் ஒழுங்காக வலம் பார்த்தார் என்று வைத்துக்கொண்டு, நடுவே ஒரு காசைக் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணி, வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். இப்படியொரு நாசூக்கு ஆங்கிலேயர்களுக்கே வரும். வெளியே வந்துவிட்ட ஒரு எட்வர்ட் சவரன் 2014-ல் 5,16,000 பவுண்டுக்கு விற்றது. இன்னொன்று 2020 ஜனவரியில் 10 லட்சம் பவுண்டு. அதில் இருக்கும் தங்கம் அதே ஏழே கால் கிராம் சொச்சம்தான். அரசராக முடிசூட்டிக்கொள்ளாதவரின் முகம் மீதி விலையை வாங்கித் தந்தது. இங்கே மட்டும் முகம் தராசை ஜெயித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. 1931-ல் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. உள்ளூரில் சவரன் புழங்குவது அதற்கும் முன்பே, 1914-ல் நின்றிருந்தது. ஆனால் ஏதென்ஸிலும் பெய்ரூட்டிலும் அரபுச் சந்தைகளிலும் அதற்குக் கிராக்கி குறையவில்லை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ் அரபுத் தலைவர்களுக்கு மூட்டையாக இறக்கிய காசு அல்லவா! 1949 முதல் 1952 வரை வெளிநாட்டுத் தேவைக்காக நாணயச்சாலை மறுபடி சவரன் அடித்தது. யார் முகம்? 1936-லேயே இறந்துபோன ஐந்தாம் ஜார்ஜ் முகம், 1925 என்று வருடம் போட்ட பழைய அச்சு. ஆளும் அரசரின் முகம் இல்லாமலே அரசு நாணயச்சாலை காசு அடித்தது. சந்தைகளில் போலிகள் பெருகியதால் 1957-ல் எலிசபெத் அரசியின் முகத்தோடு முறையாக ஆரம்பித்தார்கள். 1991 வளைகுடாப் போரில்கூட ஈராக்குக்குள் இறங்கிய பிரிட்டிஷ் சிறப்புப் படையினரின் இடுப்பில் இருபது சவரன் இருந்தது. பிடிபட்டால் பேரம் பேச.

நாணயச்சாலை வேல்ஸில் உள்ள லான்ட்ரிசன்ட்டுக்குக் குடிபோயிற்று. லண்டனில் கடைசியாக, 1975 நவம்பரில், அடித்த காசும் சவரன்தான். 1989-ல் ஐந்நூறாவது ஆண்டு. பெர்னார்ட் சிண்டால் வடித்த நினைவுக் காசில் எலிசபெத் அரசி ஏழாம் ஹென்றியைப் போலவே நேரே பார்த்து அரியணையில் அமர்ந்தார். பின்னால் அதே இரட்டை ரோஜா. என் கண்ணுக்கு இருபதாம் நூற்றாண்டின் ஆக அழகான சவரன் அதுதான். 2002, 2012, 2022 விழாக்களுக்கு வந்தவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்க அவசியமில்லை. 2013-ல் ஹரியானாவில் எம்.எம்.டி.சி-பாம்ப் ஆலையில் உரிமம் பெற்று அடித்த சவரனில் அந்தப் பழைய ‘ஐ’ மறுபடி வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அரச பாரம்பரியத்தை முதலீட்டுத் தங்கமாக விற்கும் வித்தை முழு வடிவம் எடுத்தது 2016-ல். எலிசபெத்தின் 1953 முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் வாசலில் ஜேம்ஸ் உட்ஃபர்ட் செய்த பத்து விலங்குச் சிலைகள் நின்றன. இங்கிலாந்துச் சிங்கம், ஸ்காட்லாந்தின் ஒற்றைக்கொம்புக் குதிரை, வேல்ஸின் சிவப்பு டிராகன் என்று ஒவ்வொன்றும் அரசியின் முன்னோர் ஒருவரின் சின்னம். அசல் சிலைகள் இன்று கனடாவில் இருக்கின்றன. அந்தப் பத்தையும் ஜோடி கிளார்க் ஒவ்வொன்றாகக் காசாக்கினார். 999.9 தங்கம், ஒரு அவுன்ஸ், முகமதிப்பு 100 பவுண்டு. 2021 வரை ஓடிய வரிசை. அதில் யேல் என்றொரு விசித்திர மிருகம் வரும். ஆட்டு உடம்பு, எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளும் கொம்பு. போஃபோர்ட் குடும்பத்தின் சின்னம் அது. அரியணை கிடையாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பம், காசில் சிங்கத்துக்குச் சமமாக நிற்கிறது.

வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு யேலின் பூர்வீகம் தெரியும் என்பது சந்தேகமே. அவர்கள் பார்ப்பது அன்றைய தங்க விலையையும் அதற்கு மேல் எத்தனை சதவீதம் என்பதையும். பிரிட்டனில் இருப்பவருக்கு இன்னொரு ஆதாயம்: சட்டப்படி செல்லுபடியாகும் காசு என்பதால் விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கட்டித் தங்கத்துக்கு உண்டு. அரசியின் முகம் வருமானவரி அதிகாரியிடம் செல்லுபடியாகிறது. வரிசை முடிந்ததைக் கொண்டாட 10 கிலோவில் ஒரே ஒரு காசு செய்தார்கள். 20 சென்டிமீட்டர் அகலம், 400 மணி நேர வேலை, முகமதிப்பு 10,000 பவுண்டு. ஹென்றி பார்த்திருந்தால் பொறாமையில் வெந்திருப்பார், செலவைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஆனால் ஒரு அவுன்ஸ் தங்கத்தைக் காசாக அடித்து மொத்தமாக விற்கலாம் என்ற யோசனை லண்டனுடையது இல்லை. 1967-ல் தென்னாப்பிரிக்கா அதைச் செய்தது. அந்தக் காசில் அரசரும் இல்லை, முகமதிப்பும் இல்லை. விக்டோரியாவின் படைகளோடு மல்லுக்கட்டிய பால் க்ரூகரின் தாடி முகம்தான் இருந்தது. அது சந்தையை வளைத்த வேகத்தைப் பார்த்துத்தான் பிரிட்டன் 1987-ல் பிரிட்டானியா காசோடு ஓடிவந்தது. நிறவெறி அரசின் கஜானாவை நிரப்பிய அந்த க்ரூகராண்டைப் பல நாடுகள் தடைசெய்தது ஏன், தடையை மீறி அது எப்படி விற்றது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)